போட்டிக் கூடைப்பந்து: பயிற்சியாளர்களும் வீரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி, கிளப் அளவில் போட்டிகளுக்குத் தயாராகும் அணிகளை மனதில் வைத்து எழுதியது. விதிகள் வரும் இடங்களில் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்: 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, தாக்கும் அணி ஷாட் எடுக்க 24 விநாடி தரும் ஷாட் கிளாக், ஒருவருக்கு 5 ஃபவுல். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் ஆட்டங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அங்கே கால்பகுதிக்கு 12 நிமிடம், 6 ஃபவுல், தற்காப்பாளர் ஆளைப் பிடிக்காமல் வளையத்தடியில் 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற ‘தற்காப்பு 3 விநாடி’ விதி என்று வித்தியாசங்கள் இருப்பதால், அங்கே பார்த்ததை அப்படியே இறக்கிவிட முடியாது.

புதிதாக ஓர் அணியை எடுத்திருக்கிறேன். எந்த ஆட்ட முறையில் தொடங்கலாம்?

முறையை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆட்களைப் பாருங்கள். தொடக்கத்தில் கொஞ்ச நாள் எந்தப் பிளேயும் (முன்கூட்டியே வகுத்த ஆட்ட நகர்வு) சொல்லித்தராமல் 3க்கு 3, 4க்கு 4 என்று ஆடவிட்டுக் கவனியுங்கள். நெருக்கிப் பிடித்தாலும் பந்தை இழக்காமல் கொண்டுபோவது யார், இரண்டு கையாலும் முடிப்பது யார், பாஸ் கொடுத்த கையோடு நின்றுவிடுவது யார், பந்து போனதும் திரும்பி ஓடுவது யார் என்று பாருங்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு உங்கள் முறை பாதி தானாகவே முடிவாகிவிடும். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் நம்பகமான பாயிண்ட் கார்டு ஒருவர்கூட இல்லாத அணிக்கு, ஒருவர் குறுக்கே நின்று (ஸ்க்ரீன்) பந்துக்காரரின் தற்காப்பாளரை மறித்துவிட்டு வளையத்துக்கு ஓடும் பிக் அண்ட் ரோலை அடித்தளமாக வைத்து என்ன பயன்?

டெக்ஸ் வின்டர் பல ஆண்டுகள் செதுக்கிய முக்கோணத் தாக்குதலைக் கொண்டு என்பிஏ பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் சிகாகோவில் 6, லாஸ் ஏஞ்சலிஸில் 5 என 11 பட்டங்கள் வென்றார். அதைப் படித்துவிட்டு வாரத்துக்கு மூன்று நாள் கூடும் ஓர் அணிமேல் அதே முறையைத் திணிப்பவர்கள் உண்டு. ஜாக்சனிடம் மைக்கேல் ஜோர்டானும் ஷாக்கில் ஓ'நீலும் கோபி பிரயன்ட்டும் இருந்தார்கள் என்பதை விடுங்கள். முழுநேரத் தொழில்முறை வீரர்களுக்கே பழக நாள் எடுத்த முறை அது.

ஒரு சீசனுக்கு எத்தனை பிளே வைத்துக்கொள்ளலாம்?

நீங்கள் நினைப்பதில் பாதி. மேன் டு மேனுக்கு (ஆளுக்கு ஓர் எதிராளியைப் பிடிக்கும் தற்காப்பு) எதிராக ஓர் அடிப்படை அமைப்பு, அதிலிருந்து இரண்டு மூன்று கிளைகள். ஜோனுக்கு (ஆளைவிட்டு ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் தற்காப்பு) எதிராக ஒன்று. எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடுவதற்கு இரண்டு. பெரும்பாலான அணிகளுக்கு இதுவே தாராளம்.

காரணம் இருக்கிறது. பலகையில் வரைந்த பிளே எதிரணி ஒழுங்காகத் தற்காக்கும்போது முதல் 6 விநாடியிலேயே உடைந்துவிடும். மிச்சமுள்ள 18 விநாடியில் ஐந்து பேரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். பந்தோடு ஒருவர் வளையத்தை நோக்கிப் பாயும் டிரைவ் வந்தால் மூலையில் இருப்பவர் எங்கே நகர வேண்டும், தன்னைப் பாதுகாப்பவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் பின்பக்கமாக வெட்டி ஓட வேண்டும், எதிரணியின் உதவித் தற்காப்பு (ஹெல்ப்) எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் முடிவெடுக்கும் பழக்கம். பிளேயை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தை இதற்குச் செலவழியுங்கள்.

மேன் டு மேன் நல்லதா, ஜோன் நல்லதா?

வளரும் வீரர்களுக்கு மேன் டு மேனைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒருவரை நேருக்கு நேர் நிறுத்தத் தெரியாதவர் ஜோனிலும் ஓட்டைதான்.

போட்டி அளவில் இரண்டும் வேண்டும். ஃபிபா விதியில் தற்காப்பு 3 விநாடி என்பதே கிடையாது. உயரமான வீரர் வளையத்துக்கு அடியிலேயே நிற்கலாம், அதனால் ஜோனுக்கு இங்கே மதிப்பு அதிகம். ஜிம் போஹைம் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் 2023 வரை பயிற்சியாளராக இருந்தார். அவர் அணியின் அடையாளமே முன்னால் இருவரும் பின்னால் மூவரும் நிற்கும் 2-3 ஜோன்தான், 2003ல் தேசியப் பட்டமும் வென்றார்கள். நீண்ட கைகள் உள்ளவர்களைத் தேடித்தேடி அந்த ஜோனில் நிறுத்தினார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

2-3 ஜோனின் பலவீனம் ஊரறிந்தது: ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நடுப்பகுதி, இரண்டு மூலைகள், அப்புறம் தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட். ஒவ்வொருவருக்கும் தடுக்க ஆள் ஒதுக்கப்படாததால் ஷாட் போனதும் யார் யாரை அடைப்பது என்ற குழப்பம் வரும்.

இரண்டுக்கும் நடுவில் ‘பேக் லைன்’ என்றொரு வகை இருக்கிறது. பந்தை வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கமாகப் பிடிப்பார். மற்ற நால்வரும் வளையத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் தூரத்தில் கற்பனையாகப் போட்ட வளைவுக்குள் நின்று டிரைவை அடைப்பார்கள். பாஸ் வெளியே போனால் ஓடிப்போய் ஷாட்டைத் தடுக்க வேண்டும். டிக் பென்னெட் உருவாக்கியது, அவர் மகன் டோனி பென்னெட் இதை வைத்துத்தான் வர்ஜீனியாவுக்கு 2019ல் பட்டம் வாங்கித்தந்தார். வேகம் குறைந்த, கட்டுப்பாடு மிகுந்த அணிகளுக்கு இதை நான் முதலில் சொல்வேன்.

பிக் அண்ட் ரோலை எங்களால் நிறுத்தவே முடிவதில்லை. என்ன செய்ய?

முழுவதும் நிறுத்த யாராலும் முடியாது. எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் தற்காப்பு.

‘டிராப்’ என்றால் ஸ்க்ரீன் போடுபவரைப் பாதுகாக்கும் பெரிய ஆள் பின்வாங்கி வளையத்தைக் காப்பார். வளையத்தடியில் எளிதாகப் போடும் லே-அப் கிடைக்காது, ஆனால் பந்தை வைத்திருப்பவருக்கு நடுத்தூர ஷாட் திறந்து கிடைக்கும். எதிரணி கார்டுக்கு ஷாட் வராதென்றால் கண்ணை மூடிக்கொண்டு டிராப் போடுங்கள். ஸ்டெஃபன் கரி மாதிரி ஒருவர் வந்தால் டிராப் தற்கொலை. 2015-16 சீசனில் மட்டும் 402 மூன்று புள்ளி ஷாட்டுகளைப் போட்டவர் அவர்.

‘ஹெட்ஜ்’ என்றால் பெரிய ஆள் வெளியே பாய்ந்து பந்தை ஓரிரு விநாடி வளைத்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்ப வேண்டும். கால் வேகம் இல்லாதவரிடம் இதைக் கேட்காதீர்கள். அவர் திரும்பி வருவதற்குள் ரோல் செய்தவர் வளையத்தில் இருப்பார்.

‘ஸ்விட்ச்’ எல்லாவற்றிலும் எளிது, ஆட்களை மாற்றிக்கொண்டால் முடிந்தது. சின்ன ஆள் பெரியவரிடம் உள்ளே மாட்டிக்கொள்வார், பெரிய ஆள் வேகமான கார்டிடம் வெளியே மாட்டிக்கொள்வார், அதுதான் விலை. ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் பேசாமல் ஸ்விட்ச் செய்யுங்கள். கடைசி சில விநாடிகளில் எல்லா அணிகளுக்கும் இது பொருந்தும்.

‘பிளிட்ஸ்’ என்றால் இருவரும் சேர்ந்து பந்தைப் பொறிவைத்துப் பிடிப்பது. பின்னால் மூன்று பேர் நான்கு பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரணியில் ஒரே ஒருவர்தான் ஆட்டத்தை நடத்துகிறார் என்றால் அவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்க இது நல்ல வழி.

பக்கவாட்டில் நடக்கும் ஸ்க்ரீனுக்கு ‘ஐஸ்’ இருக்கிறது. ஸ்க்ரீன் பக்கம் போகவே விடாமல் எல்லைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளுவது. எல்லைக்கோடு உங்களுக்கு இன்னொரு தற்காப்பாளர் மாதிரி.

இவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து நன்றாகப் பழகுங்கள். ஸ்க்ரீன் வருவதைப் பெரிய ஆள் முன்கூட்டியே சத்தமாகச் சொல்ல வேண்டும். வாய் திறக்காத அணிக்கு எந்த முறையும் உதவாது.

ஜோனை உடைக்க ஒரு நல்ல வழி சொல்லுங்கள்.

ஜோன் அமைவதற்குள் ஓடிப்போய்விடுவது. அது நடக்கவில்லையென்றால், பாஸ் நன்றாகப் போடத் தெரிந்தவரை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நடுவில் நிறுத்தி முதலில் பந்தை அவருக்குக் கொடுங்கள். வெளியே வட்டமாகப் பந்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால் 24 விநாடி கரைந்துபோகும், ஜோன் அசையாது.

எதிரணியை முழு மைதானத்திலும் நெருக்கிப் பிடிக்கும் பிரஸ் எப்போது போடலாம்?

உங்கள் பெஞ்ச் எதிரணியின் பெஞ்சைவிட ஆழமாக இருந்தால். 8 அல்லது 9 பேரைச் சுழற்ற முடியாத அணி பிரஸ் போட்டால் மூன்றாவது கால்பகுதியில் தன் காலையே இழக்கும். இன்னொரு நல்ல பயனும் உண்டு: பந்தைத் திருடாவிட்டாலும், 8 விநாடிக்குள் பாதியைக் கடந்தாக வேண்டும் என்ற விதியால் எதிரணி ஷாட் கிளாக்கில் 7 விநாடியைச் செலவழித்துவிட்டு வந்தால் அவர்களின் தாக்குதல் ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

எந்தப் புள்ளிவிவரங்களைப் பார்க்க வேண்டும்? யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது போதாதா?

போதாது. 20 புள்ளி எடுத்தவர் அதற்கு 25 ஷாட் எடுத்திருந்தால் அணிக்கு நட்டம்.

ஆய்வாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகள் எந்த அளவு அணிக்கும் பொருந்தும்: ஷூட்டிங் தரம், பந்தை இழத்தல், தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தானே பிடிக்கும் தாக்குதல் ரீபவுண்ட், ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவது. அவர் கொடுத்த எடை முறையே சுமார் 40, 25, 20, 15 சதவிகிதம். நான்கையும் உங்களுக்கும் பார்க்க வேண்டும், எதிரணிக்கும் பார்க்க வேண்டும்.

ஷூட்டிங் தரத்துக்கு எளிய கணக்கு: போட்ட ஷாட்டுகளோடு, போட்ட மூன்று புள்ளி ஷாட்டுகளில் பாதியைக் கூட்டி, மொத்த முயற்சியால் வகுக்க வேண்டும். 60 முயற்சியில் 24 விழுந்து, அதில் 8 மூன்று புள்ளி என்றால் 28ஐ 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 47 சதவிகிதம்.

அடுத்தது எத்தனை முறை பந்து உங்கள் கையில் இருந்தது என்பது. ஷாட் முயற்சி, அதோடு ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44ஆல் பெருக்கியது, அதில் தாக்குதல் ரீபவுண்டைக் கழித்து, இழந்த பந்துகளைக் கூட்டினால் கிடைக்கும். மேலே சொன்ன அணி 20 ஃப்ரீ த்ரோ எடுத்து 12ஐப் போட்டது, 10 தாக்குதல் ரீபவுண்ட் பிடித்தது, 15 முறை பந்தை இழந்தது என்று வைப்போம். ஏறத்தாழ 74 வாய்ப்பில் 68 புள்ளி, அதாவது வாய்ப்புக்கு 0.92. இந்த ஓர் எண்ணைச் சீசன் முழுக்கக் குறித்துவந்தால் போதும், ‘வேகமாக ஆடினோமா, நன்றாக ஆடினோமா’ என்ற குழப்பம் தீரும்.

ஷாட் தேர்வுக்கும் இதே பார்வை. வளையத்தடியில் 60 சதவிகிதம் விழுந்தால் ஒரு முயற்சிக்கு 1.2 புள்ளி. 35 சதவிகிதம் விழும் மூன்று புள்ளி ஷாட் 1.05. 40 சதவிகிதம் விழும் நீண்ட இரண்டு புள்ளி ஷாட் வெறும் 0.8. மூன்று புள்ளிக் கோடு ஃபிபாவில் 6.75 மீட்டர், மூலையில் மட்டும் 6.60. கோட்டை மிதித்துக்கொண்டு எடுக்கும் ஷாட்டைப்போல் வீணான ஷாட் வேறில்லை. ஷாட் கிளாக் முடியப்போகிறதென்றால் வேறு கதை.

பயிற்சியில் விழுகிற ஷாட் போட்டியில் விழுவதில்லை. மனப் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை, பயிற்சியின் அமைப்பில்தான் கோளாறு. ஒரே இடத்தில் நின்று, யாரோ எடுத்துக்கொடுக்க, மூச்சு வாங்காமல் 50 ஷாட் போட்டால் சதவிகிதம் அழகாக ஏறும். போட்டியில் ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஷாட் யாருக்கும் கிடைப்பதில்லை. ஓடி வந்து, பந்தைப் பிடித்து, தற்காப்பாளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்து, போடுவதா டிரைவ் செய்வதா கொடுப்பதா என்று தீர்மானித்துவிட்டுத்தான் ஷாட் வருகிறது.

வரிசையாக ஒன்றையே திரும்பச் செய்வதைவிடக் கலந்து செய்தால் அந்த நேரத்தில் தடுமாற்றம் அதிகமாகத் தெரியும், ஆனால் கற்றது நிலைக்கும். இயக்கக் கற்றலில் 1979ல் ஷே, மார்கன் இருவரும் செய்த சோதனையிலிருந்தே இது பேசப்படுகிறது. ஆகவே இடத்தை மாற்றுங்கள், தூரத்தை மாற்றுங்கள், எதிரே ஒருவரைக் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வரச் சொல்லுங்கள். சதவிகிதம் இறங்கும், பதற வேண்டாம். புதிதாக ஷாட் கற்கும் சிறுவர்களுக்கும், முறையையே மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும் மட்டும் ஒரே இடப் பயிற்சி கொஞ்ச நாள் தேவைப்படும்.

ஷாட் எவ்வளவு உயரமாகப் போக வேண்டும்?

வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர், ஆண்கள் பந்தின் விட்டம் சுமார் 24. பந்து 45 டிகிரியில் இறங்கினால் அதற்குத் தெரியும் வாசல் சுமார் 32 சென்டிமீட்டர். 35 டிகிரியில் 26க்குக் கொஞ்சம் குறைவு. 30 டிகிரியில் 22.5தான், அதாவது வளையத்தைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. தட்டையாகப் போடுபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், திட்டுவதைவிட வேலை செய்யும்.

அதற்காக வானத்தைப் பார்த்துப் போடவும் வேண்டாம். உயரம் கூடக்கூட வேகத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். ஃப்ரீ த்ரோ பற்றி 2008ல் வந்த ஒரு கணினி ஆய்வு, கையைவிட்டுக் கிளம்பும்போது சுமார் 52 டிகிரி, விநாடிக்கு மூன்று சுற்றுப் பின்சுழற்சி என்று கணக்கிட்டது. குறி வளையத்தின் பின்பக்கத்தை நோக்கி.

ஃப்ரீ த்ரோ பயிற்சியை எப்போது வைப்பது?

பயிற்சி முடிவில் வரிசையாக 50 போடுவது அலுப்பான பழக்கம். கடினமான ஓட்டத்துக்கு நடுவே நிறுத்தி ஆளுக்கு இரண்டு மட்டும் போடச் சொல்லுங்கள். போட்டியில் அப்படித்தான் வருகிறது.

ரீபவுண்ட் உயரமானவர்களின் வேலைதானே?

டென்னிஸ் ராட்மன் 201 சென்டிமீட்டர்தான். உங்களுக்கும் எனக்கும் அது பனைமர உயரம், என்பிஏவில் உள்ளே ஆடுபவருக்கு அது குறைவு. 1991-92 முதல் 1997-98 வரை தொடர்ந்து 7 சீசன் ரீபவுண்டில் முதலிடம். அணியினர் ஒவ்வொருவரின் ஷாட்டும் எப்படிச் சுழல்கிறது, தவறினால் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்து வைத்திருந்தார்.

பக்கவாட்டிலிருந்து போட்டுத் தவறும் ஷாட்டுகள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழுகின்றன. நீண்ட ஷாட் என்றால் நீண்ட ரீபவுண்ட், அது கார்டுகள் எடுக்க வேண்டியது. ஷாட் கிளம்பியதும் பந்தைப் பார்க்காமல் முதலில் எதிராளியைத் தொட்டு அடைக்க வேண்டும், பிறகுதான் பந்து. இந்த ஒன்றை எல்லா நாளும் கேளுங்கள். ஐந்து பேரில் நால்வர் அடைத்து ஒருவர் வேடிக்கை பார்த்தாலும் போச்சு.

ஸ்டாமினாவுக்குத் தினமும் நீண்ட தூரம் ஓட வேண்டுமா?

வேண்டாம். ஆஸ்திரேலிய வீரர்களை வைத்து 1995ல் வெளியான ஆய்வில், ஒரு போட்டியில் ஒருவர் ஏறத்தாழ 1000 முறை அசைவை மாற்றுகிறார், சராசரியாக 2 விநாடிக்கு ஒன்று, அதில் முழு வேக ஓட்டம் நூறைத் தாண்டுகிறது என்று கண்டார்கள். நிற்பது, பக்கவாட்டில் நகர்வது, பாய்வது, குதிப்பது, திரும்ப நிற்பது என்று மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டம் இது. ஒரே வேகத்தில் 8 கிலோமீட்டர் ஓடுவதற்கும் இதற்கும் தூரத்து உறவுதான்.

சீசன் தொடங்குவதற்கு முன் அடித்தளத்துக்காகக் கொஞ்ச நாள் மிதமான ஓட்டம் இருக்கட்டும். அப்புறம் குறுகிய வேக ஓட்டங்கள், இடையில் அளவான ஓய்வு. எல்லாவற்றையும்விட நல்லது முழு மைதானத்தில் 3க்கு 3. ஆள் குறைவு, இடம் அதிகம், ஒளிய முடியாது. இதயத் துடிப்பும் ஏறும், முடிவெடுக்கும் பழக்கமும் வரும். களைப்பில் தலை எப்படி வேலை செய்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தோற்றால் மைதானத்தைச் சுற்றி ஓடு என்று தண்டனையாக ஓடவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓட்டத்தையே வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

வெயிட் தூக்கினால் ஷாட் கெட்டுவிடும், சிறுவர்களுக்கு வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்களே?

இரண்டும் பழைய பயம். மேற்பார்வையோடு, சரியான முறையில் செய்தால் வளரும் வயதினருக்கும் வலிமைப் பயிற்சி பாதுகாப்பானது. ஷாட்டைப் பொறுத்தவரை, தூக்கிய அன்றைக்குக் கை கனமாகத் தெரியலாம், சில வாரத்தில் உடல் பழகிவிடும். வலிமை கூடினால் தூர ஷாட்டுக்குக் கைமுறையைச் சிதைக்க வேண்டியிருக்காது.

ஸ்குவாட், டெட்லிஃப்ட் வகை, ஒற்றைக்கால் லஞ்ச், தள்ளுவது, இழுப்பது, கெண்டைக்கால், தொடையின் உள்பக்கம். இவ்வளவு போதும். சீசனில் வாரத்துக்கு இரண்டு குறுகிய அமர்வு. சீசன் தொடங்கியதும் முழுவதும் நிறுத்திவிடும் அணிகள்தான் அதிகம், கடைசிச் சுற்று வரும்போது கால் தளர்வதற்கு அது ஒரு காரணம்.

செங்குத்தாகக் குதிக்கும் உயரத்தைக் கூட்ட என்ன வழி?

முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல், இடுப்பும் முட்டியும் மடங்கி, சத்தமில்லாமல் தரையிறங்கத் தெரியாதவருக்குப் பெட்டிமேலிருந்து குதிக்கும் பயிற்சி ஆபத்து. அடுத்தது வலிமை, அதற்குப் பிறகு பிளையோமெட்ரிக்ஸ் எனும் வேகமான குதிப் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் 48 மணி நேர இடைவெளி, ஒவ்வொரு குதியும் முழு முயற்சியோடு. களைத்த பிறகு குதிப்பது ஸ்டாமினா பயிற்சியாகிவிடும், உயரம் வராது. வழக்கமான பயிற்சியிலேயே எத்தனை முறை குதிக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்து மேலே மேலே ஏற்றினால் முட்டிச்சில்லுக்குக் கீழே வலி வந்து நிற்கும்.

கணுக்கால் சுளுக்கும் முழங்கால் காயமும் திரும்பத் திரும்ப வருகின்றன. தடுக்க முடியுமா?

முற்றிலும் முடியாது, நிறையக் குறைக்கலாம். கூடைப்பந்தில் மிக அதிகமாக வரும் காயம் கணுக்கால் சுளுக்கு. ஒருமுறை சுளுக்கிய கால்தான் மறுபடி சுளுக்கும். வீக்கம் வடிந்ததும் மைதானத்துக்கு ஓடிவந்துவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு. ஒற்றைக்காலில் சமநிலைப் பயிற்சி, கெண்டைக்கால் வலிமை, திரும்ப ஆடும் மாதங்களில் பிரேஸ் அல்லது டேப், மூன்றும் உதவும்.

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார், ஏசிஎல், பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது. இறங்கும்போது, சட்டென்று நிற்கும்போது, திசை மாற்றும்போது. பெண் வீரர்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு. தரையிறங்கும் முறை, சமநிலை, இடுப்பு வலிமை, வேகத்தைக் குறைத்து நிற்பது ஆகியவற்றை வார்ம்-அப்பிலேயே சேர்த்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, 15 நிமிடம் விடாமல் செய்த அணிகளில் இந்தக் காயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ‘விடாமல்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 9 மாதத்துக்கு முன்பே போட்டிக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். எப்போது திரும்புவது என்பதை மருத்துவரும் பிசியோவும் தீர்மானிக்கட்டும், புள்ளிப் பட்டியல் தீர்மானிக்க வேண்டாம்.

தலையில் அடிபட்டுத் தடுமாறினால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

வார்ம்-அப்பில் உட்கார்ந்து நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரெச் வேண்டுமா?

ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால் அடுத்து வரும் பாய்ச்சலும் குதியும் கொஞ்சம் மந்தமாகும். அதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் அசைந்துகொண்டே செய்யும் நீட்சிகள், படிப்படியாக வேகம் கூட்டும் ஓட்டம், சில குதிகள்.

தூக்கம், உணவு, தண்ணீர் பற்றி என்ன சொல்வீர்கள்?

தூக்கத்தை முதலில் சொல்வேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 11 ஆண் வீரர்களை 5 முதல் 7 வாரம் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள், 2011ல் முடிவு வெளியானது. ஃப்ரீ த்ரோ 9 சதவிகிதமும் மூன்று புள்ளி ஷாட் 9.2 சதவிகிதமும் ஏறின, வேக ஓட்டம் 16.2 விநாடியிலிருந்து 15.5க்கு வந்தது. சிறிய குழு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை, அதனால் எண்களைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் செலவே இல்லாத பயிற்சி இது ஒன்றுதான்.

உணவில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. போட்டிக்கு 3 முதல் 4 மணி நேரத்துக்கு முன் மாவுச்சத்து மிகுந்த, பழகிய சாப்பாடு. போட்டி நாளில் புதிதாக எதையும் முயல வேண்டாம். புரதம் நாளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம், நாள் முழுக்கப் பிரித்து. தண்ணீருக்கு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 2 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை, அந்த நிலையில் ஷாட்டும் சறுக்கும்.

பயிற்சிச் சுமை அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்?

பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 10க்கு ஓர் எண் கேளுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், எண் 6 என்றால் 540. வாரக் கூட்டல் திடீரென்று எகிறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் ஆர்வக்கோளாறில் ஏற்றிவிடுவது எல்லா அணியிலும் நடக்கும். போட்டிக்கு முந்தைய நாள் 45 நிமிடம், வேகமாக, சுருக்கமாக.

13 வயதுக்குக் குறைந்தவர்களைக் கூடைப்பந்து மட்டுமே ஆடவைக்கலாமா?

14 வயது வரையாவது வேறு விளையாட்டுகளையும் ஆடட்டும் என்பது என்பிஏவும் யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டுதல். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும் வேண்டும். உயரத்தைப் பார்த்து 12 வயதிலேயே ஒருவரை வளையத்தடியில் நிறுத்திவிடாதீர்கள். 17ல் மற்றவர்கள் வளர்ந்துவிட்டால் பந்தைத் தட்டிக்கொண்டு போகும் டிரிபிள் தெரியாத நடுத்தர உயரக்காரர் ஒருவர் உங்களிடம் இருப்பார்.

கத்தாமல் அணியை நடத்த முடியுமா?

யுசிஎல்ஏ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் வுடன் 12 ஆண்டில் 10 தேசியப் பட்டங்கள் வென்றவர். 1974-75 சீசனில் அவருடைய பயிற்சிகளில் இரண்டு உளவியலாளர்கள் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வகைப்படுத்தினார்கள். பாதிக்கு மேல் ‘என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும்’ என்ற நேரடிச் சொற்கள். பாராட்டு 7 சதவிகித அளவில்தான், திட்டும் அப்படியே குறைவு. சுருக்கமாகச் சொல்லி, செய்துகாட்டி, ஆட்டத்தைத் தொடரவிட்டார். ‘நன்றாக ஆடு’, ‘முழு மூச்சாக ஆடு’ என்பதில் தகவலே இல்லை. ‘இடது காலை முன்னால் வை’ என்பதில் இருக்கிறது.

டைம் அவுட்டிலும் அதேதான். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். வீரர்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவே 15 விநாடி போய்விடும். தற்காப்புக்கு ஒன்று, தாக்குதலுக்கு ஒன்று. மூன்றாவது விஷயம் யார் காதிலும் ஏறாது.

கடைசி நிமிடத்தில் செய்யக்கூடியவை என்ன? 3 புள்ளி முன்னிலையில் இருந்தால் ஃபவுல் செய்யலாமா?

கால்பகுதி முடிய 35 விநாடி அளவில் பந்து உங்களிடம் இருந்தால் நல்ல ஷாட்டை விரைவாக எடுங்கள். எதிரணி 24 விநாடியையும் தின்றாலும் கடைசி வாய்ப்பு உங்களுக்கு வரும். விரைவாக என்பதற்காக மோசமான ஷாட்டை எடுத்தால் கணக்கு தலைகீழ்.

நான்காவது கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் நீங்கள் காக்கும் வளையம் இருக்கும் பின்பாதியில் பந்து போட வேண்டியிருக்கும்போது டைம் அவுட் எடுத்தால், முன்பாதியிலிருந்து போடத் தேர்வு செய்யலாம். ஆனால் ஷாட் கிளாக்கில் 14க்கு மேல் இருந்தால் 14 ஆகிவிடும். நேரத்தைக் கடத்த வேண்டிய முன்னிலை அணிக்குச் சில சமயம் பின்பாதியே மேல். அந்த 2 நிமிடத்தில் மொத்தம் 2 டைம் அவுட்டுக்கு மேல் கிடைக்காது, ஆகவே மூன்றையும் சேர்த்துவைத்துப் பயனில்லை.

3 புள்ளி முன்னிலை, 6 அல்லது 7 விநாடிக்குள்தான் மிச்சம், எதிரணி பந்து என்றால் நான் ஃபவுல் செய்யச் சொல்வேன். இரண்டு ஃப்ரீ த்ரோவால் சமன் செய்ய முடியாது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. உங்கள் அணி அந்தக் கால்பகுதியில் 4 ஃபவுலை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீ த்ரோவே வராது, பக்கவாட்டிலிருந்து மறுபடி பந்து போடுவார்கள். பந்து இன்னும் வெளியே போடுபவர் கையில் இருக்கும்போது தொடக்கூடாது. கடைசி 2 நிமிடத்தில் அதற்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்குப் போகும். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் முறையற்ற ஆட்டத்துக்கான அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் போச்சு. ஷாட்டுக்குக் கை உயர்ந்த பிறகு தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. ஆகவே எதிராளி வளையத்துக்கு முதுகு காட்டி டிரிபிள் செய்யும்போது, பந்தை நோக்கிக் கை நீட்டிச் செய்ய வேண்டும். இரண்டாவது ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிடுவார்கள். அந்த ரீபவுண்டில் யார் யாரை அடைப்பது, ஃப்ரீ த்ரோ போட்டவரை யார் அடைப்பது என்பதைப் பயிற்சியிலேயே பெயர் சொல்லிப் பழகிவையுங்கள்.